பாய்சுருட்டி வீட்டுப் பாய்

2019 ஏப்ரல் 28, ஞாயிறு. காலை 6.40

படகுப் பாயில் மொத்தம் பதினான்கு துண்டுகள். பூஞ்சணம் பிடித்தவை பதினொன்று. எலி கடித்தவை இரண்டு. மிச்சம் இருக்கும் ஒன்றும் நாறுகிறது.

ஐஸ் கிடங்கின் பரணிலிருந்து எட்டு பேர் சேர்ந்து இறக்கினோம். பாயை மேலே தாங்குகிற நீளக் கழிக்குப் பருமல் என்று பெயர். அந்தப் பருமலோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டியது கட்டியபடியே ஒன்பது வருஷம் கிடந்திருக்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் கிளம்பிய வாடையில் சேவுகன் சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"செத்துப்போச்சுப்பா இது. எடுத்துக் கொளுத்துங்க."

"செத்துச்சா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"நீ யாருப்பு, பாய்க்கு டாக்டரா?"

"துணிக்குப் படிச்சவன். ஊர்ல வேற யாராச்சும் படிச்சிருந்தா கூப்பிடுங்க, நான் போறேன்."

யாரையும் கூப்பிடவில்லை.

மே 19 போட்டி. இந்தக் கரையில் பாய்மரப் போட்டி நின்று ஒன்பது வருஷமாகிறது. ஊர்களுக்குள் தகராறு, வழக்கு, சமாதானம் எல்லாம் முடிந்து இப்போதுதான் மறுபடி நடக்கப்போகிறது. விதி கறாரானது. பருத்திக் கித்தான் பாய்தான் கட்ட வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஊரின் பழைய துணியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டரில் புதிதாகத் தைத்துக்கொண்டு வந்தால் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே கோரைத்திட்டு ஊருக்கு இந்தப் பாயை விட்டால் வேறு பாய் இல்லை.

சுக்கான் பிடிக்கப் போவது என் அண்ணன் பூமிநாதன். அப்படித்தான் அண்ணன் சொல்கிறான். ஊர்த் தலைவர் சித்திரவேலு சொல்வது வேறு: "மொதல்ல பாய் தேறட்டும். சுக்கான் யாருக்குன்னு பெறகு பேசுவோம்."

பிறகு பேசுவோம் என்பதன் பொருள் எங்கள் வீட்டுக்குத் தெரியும். கடைசியாகப் போட்டி நடந்தபோது சுக்கானில் இருந்தவர் எங்கள் அய்யா ராக்கப்பன். படகு முதலாவதாக வந்துகொண்டிருந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். மழை இல்லை, சூறை இல்லை. அய்யா பாயை இறக்கச் சொல்லிவிட்டார். ஐந்து படகுகள் தாண்டிப் போயின. ஏன் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "தோணுச்சு. எறக்கிட்டேன்."

அன்றிலிருந்து நாங்கள் பாய்சுருட்டி வீடு. பயந்து போய்ப் பாயைச் சுருட்டியவன் குடும்பம். எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளியில் என் பெயர் சின்னச்சுருட்டி. நான் கோயம்புத்தூருக்கு டெக்ஸ்டைல் படிக்கப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெரிட்டில் கிடைத்த சீட்.

ஏப்ரல் 29, திங்கள்

காலையிலேயே தலைவர் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்துவிட்டார். ஊராட்சியில் மிச்சமிருந்ததாம்.

"போட்டு ஊறவெச்சா வெள்ளைவெளேர்னு வந்துரும்ல?"

"வரும். பாய் வராது. நூல் பொடிஞ்சு போகும்."

"எங்க வீட்டு வேட்டியெல்லாம் அதுலதான்..."

"உங்க வேட்டி காத்தைப் பிடிச்சு ஆறு பேரை இழுக்கப் போறதில்ல."

தலைவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, "ராக்கப்பன் பேசாம இருந்தே கெடுத்தாரு, இவன் பேசியே கெடுப்பான்" என்று சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

திருப்பூரில் எங்கள் சாயப்பட்டறைக்கு மருந்து தருகிற நவ்ஷாத் பாயைப் போனில் பிடித்தேன்.

"பாய், பாய்க்குப் பூஞ்சணம் பிடிச்சிருச்சு. பெராக்சைடு வேணும்."

"எந்த பாய்க்கு? தோல் டாக்டர்ட்ட காட்டுங்க தம்பி. பெராக்சைடெல்லாம் ஒடம்புல ஊத்தக்கூடாது."

"ஆள் இல்ல பாய். கப்பல் பாய்."

"கப்பல் பாயா? அவரு ஈரோட்லல்ல இருக்காரு?"

படகு, மரம், காற்று என்று ஆதியிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தார். பெராக்சைடு, சலவைச் சோடா, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மூன்றும் பஸ்ஸில் போட்டு விடுகிறேன் என்றார். பிறகு, "கம்பெனிக்கு எப்பத் திரும்ப வர்றீங்க? மேனேஜர் உங்களைப் பத்தி என்னென்னமோ சொல்றாரே" என்று இழுத்தார்.

நீண்ட விடுப்பில் இருக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

உலர்ந்த நிலையிலேயே தேய்த்து உதிர்க்க வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் பூஞ்சணம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை எத்தனை பேரிடம் சொல்வது? வாளியும் சோப்புமாக நான்கு பேர் வந்து நின்றார்கள். நான்கு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு மெல்லிய நார் பிரஷ் வாங்கிவரச் சொன்னேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டித் தேய்த்தோம். கருப்புத் தூள், சாம்பல் தூள், நடுவில் ஒரு எலிக்குடும்பம்.

மதினி மட்டும் சரியாகத் தேய்க்கிறாள். அண்ணன் பெண்டாட்டி, வள்ளிமயில். ஒரே திசையில், அழுத்தாமல். அண்ணன் குதிரைக்கு மாலிஷ் போடுவதுபோல் தேய்க்கிறான். விசைப்படகுத் தடைக்காலம், அவனுக்குக் கடலுக்குப் போகும் வேலை இல்லை, என் உயிரை வாங்குகிறான்.

அய்யா இந்தப் பக்கமே வரவில்லை. விடியலில் நண்டு வலைக்குப் போகிறார், வருகிறார், வலையில் சிக்கெடுக்கிறார். அண்ணன் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. ஒன்பது வருஷமாக இப்படித்தான்; அம்மா இருந்தவரை அம்மா வழியாக, இப்போது மதினி வழியாக. "சாப்பிடச் சொல்லு." "வலையை எடுத்து வைக்கச் சொல்லு." நான் பேசுவேன். வந்ததும் பேசினேன். "நல்லாருக்கீங்களா" என்றேன்.

மே 2, வியாழன்

தண்ணீர் வண்டி வரவில்லை.

மே 3, வெள்ளி

வந்தது. டிராக்டர் டேங்கர், நல்ல தண்ணீர். கடல் தண்ணீரில் கழுவலாமே என்று கேட்டவர்களுக்கு: உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் இருந்தால் பூஞ்சணம் வரும். கடல் தண்ணீரில் கழுவுவது பூஞ்சணத்துக்குச் சோறு போடுவது. ஊருணியில் சோப்புப் போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அது நியாயம். ஆகவே டேங்கர்.

மீன் வைக்கிற பெரிய ஐஸ் பெட்டிகள் மூன்றில் துண்டு துண்டாக ஊறவைத்தோம். முதலில் வெறும் தண்ணீர், உப்புக் கரிப்பு போகும்வரை. நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னேன். சேவுகன் சித்தப்பா, "காலேஜ்ல நக்கிப் பாக்கத்தான் சொல்லிக் குடுத்தாய்ங்களா?" என்றார். உப்பு அளக்கிற மீட்டர் திருப்பூரில் இருக்கிறது. நாக்கு என்னிடம் இருக்கிறது.

பிறகு சோடாவும் பெராக்சைடும், கை பொறுக்கும் சூட்டில். நுரைத்துக்கொண்டு வந்தபோது சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். கருப்பு, பழுப்பாகி, பழுப்பு வெளிறி, நான்காவது அலசலில் கித்தான் கித்தானாகத் தெரிந்தது. எல்லாப் புள்ளியும் போகவில்லை. போகாது. பூஞ்சணத்தைக் கொல்லலாம்; அது விட்டுப்போன சாயத்தை முழுக்க எடுக்க நினைத்தால் துணியையும் கொல்ல வேண்டும். இதுபோதும் என்று நிறுத்தத் தெரிவதுதான் படிப்பு.

வேலை நன்றாக வந்திருக்கிறது. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்: மிக நன்றாக வந்திருக்கிறது.

மே 5, ஞாயிறு

பாய் முழுக்கக் காய்ந்தது. மணலில் தார்ப்பாய் போட்டு அதன்மேல் விரித்தோம். தள்ளி நின்று, படகு மேல் ஏறிப் பார்த்தேன். மிஞ்சியிருக்கிற கறைகள் இரண்டு ஜாதி.

ஒன்று, பட்டை பட்டையாக, குறுக்கே ஓடுவது. இது புரிகிறது. பருமலில் சுருட்டிய பாய்; ஒவ்வொரு சுற்றிலும் வெளியே தெரிந்த ஓரத்தில் ஈரம் பிடித்து வந்த பூஞ்சணம். ஒன்பது வருஷப் பரண் வாசம்.

இரண்டாவது, மேலே பருமலுக்குப் பக்கத்து மூன்று துண்டுகளில் மட்டும். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன வடிவமோ, அந்தப் பக்கமும் அதே வடிவம். காகிதத்தில் மை சிந்தி மடித்துப் பிரித்தால் வருமே, அப்படி. பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, ஈரத்தோடு பல நாள் கிடந்த துணியில்தான் இது வரும்.

ஆனால் பாயை யாரும் மடிப்பதில்லை. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்: பாயைச் சுருட்டத்தான் வேண்டும். அப்படியானால் மடித்தது எப்போது? கடைசிப் போட்டியன்று படகு கரை சேர்ந்ததும் ஊரே பார்க்கப் பருமலோடு சுருட்டிப் பரணில் எறிந்தார்கள். அதற்குப் பிறகு கயிறு அவிழவே இல்லை. ஆகவே மடிப்பு அதற்கு முன்னால். அதாவது அந்தப் போட்டிக்குப் போகும்போதே இந்த மூன்று துண்டுகளும் உள்ளே உளுத்திருந்தன. வெளியில் கடுகளவு புள்ளிதான் தெரிந்திருக்கும்.

நூல் எண்ணுகிற கண்ணாடியை எடுத்துத் தையலைப் பார்த்தேன். ஊசி போன துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். அந்த மூன்று துண்டுகளின் தையலில் எல்லாத் துளையும் நெல் மாதிரி நீண்டிருக்கிறது. நூல்கள் இடம் பெயர்ந்து, இழுபட்டு, ஒன்றிரண்டு அறுந்து, மற்றவை அறுகிற நிலையில் நிற்கின்றன. முழுக்க அறுந்துவிடவில்லை. அறுகிறதற்குச் சற்று முன்னால் இழுப்பு விட்டுப்போயிருக்கிறது.

இழுப்பு தானாக விடாது. யாரோ பாயை இறக்கினால்தான் விடும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

மே 6, திங்கள்

அய்யா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அய்யா, அன்னைக்குப் பாய் கிழிய ஆரம்பிச்சிருச்சுதானே?"

அவர் கை நிற்கவில்லை. "என்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும் எந்த அன்னைக்குன்னு."

"கிழிஞ்சிருந்தா கிழிஞ்ச பாயால்ல இருக்கும்? நீதான் பெரிய கண்ணாடியெல்லாம் வெச்சிருக்கியே. கிழிஞ்சா இருக்கு?"

"கிழியல. கிழியுறதுக்கு முன்னாடி நிப்பாட்டியிருக்கீங்க."

ஒரு நண்டுக்காலை வலையிலிருந்து பிடுங்கி எறிந்தார். "வெயில் ஏறுது. போய்ப் பாயை நெழல்ல போடு."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நெழல்ல போடு போ."

பாயை நிழலில் போட்டேன். ஏற்கெனவே நிழலில்தான் கிடந்தது.

மே 7, செவ்வாய்

கெட்டுப்போன மூன்று துண்டுகளையும் எலி கடித்த இரண்டையும் பிரித்து எடுத்தேன். மதுரையிலிருந்து புதுக் கித்தான் வந்துவிட்டது. பழையது ஒன்பது, புதியது ஐந்து. விதிக்குள் இருக்கிறது.

பிரித்த துண்டுகளை அண்ணனிடம் காட்டி இரண்டு கறைக்கும் வித்தியாசம் சொன்னேன். அவன் நல்ல மூடில் இருந்தான். "சொல்லுங்க டாக்டர்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் மடிப்புக் கோட்டில் துணியை மடித்துக் காட்டினேன். பாதி. மறுபடி பாதி. புள்ளிமேல் புள்ளி அச்சாக உட்கார்ந்தது.

"எவனோ போர்வை மடிக்கிற மாதிரி மடிச்சிருக்கான். ஈரத்தோட. போட்டிக்கு ரெண்டு வாரம் முந்தி இருக்கலாம். ஒத்திகை முடிஞ்சதும். நடு மடிப்புல மாட்டுன மூணு துண்டு மட்டும் காயவே இல்ல."

அண்ணன் துணியை வாங்கித் தானே ஒருமுறை மடித்தான், பிரித்தான். பிறகு கீழே வைத்துவிட்டு பீடி வாங்கி வருகிறேன் என்று போனான். அவனுக்குப் பீடிப் பழக்கம் இல்லை.

இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என் வேலை துணி.

மே 8, புதன்

மேனேஜர் போன். அந்தக் கருநீல லாட் இன்னும் கிடங்கில் நிற்கிறதாம். சாயம் ஒட்டவில்லை, துவைத்தால் இறங்கும் என்று நான்தான் ஃபெயில் போட்டேன். பாஸ் என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலைக்கு வரலாம்.

"பாசமா சொல்றேன், ஒரு கையெழுத்துதானே ரகுபதி."

"ஒரு கையெழுத்துதான் சார். அதான் போட்டுட்டேனே, ஃபெயில்னு."

வைத்துவிட்டார்.

மே 9, வியாழன்

இறால் அவிக்கிற அண்டாவில் கருவேலம்பட்டை கொதிக்கிறது. பட்டைச் சாறு நூலில் ஏற வேண்டும். ஏறிக் காய்ந்ததும் மயில்துத்தக் கரைசலில் முக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு அந்தத் துணி பிடிக்காது. மயில்துத்தத் தண்ணீரைக் கடலிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றினால் மீனும் சாகும், என்னையும் கொல்வார்கள். தனியாகக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்திருக்கிறேன்.

சேவுகன் சித்தப்பா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "டீ நல்லா வந்துருக்கு. சீனி போட்டாச்சா?" என்றார். மனிதர் தினமும் வருகிறார். கிண்டலுக்கு நடுவே விறகு தள்ளிவிடுகிறார்.

அண்ணன் வேலை செய்கிறான், பேசுவதில்லை. தைக்கிறான். அவன் தையல் எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தமுறை ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தி இழுத்துப் பார்த்துத் தைக்கிறான். மதினி என்னிடம், "அவருக்கு என்ன ஆச்சு? முந்தாநேத்து நீங்க என்ன சொன்னீக?" என்றாள். துணியைப் பற்றித்தான் பேசினோம் என்றேன்.

மே 11, சனி

தவிட்டு நிறம், அதில் லேசாகப் பச்சை ஓட்டம். பதினான்கு துண்டும் ஒரே நிறம். பழையது எது, புதியது எது என்று பத்தடி தள்ளி நின்றால் எனக்கே தெரியவில்லை. திருப்பூரில் இந்த லாட் வந்திருந்தால் நானே பாஸ் போட்டிருப்பேன்.

மே 12, ஞாயிறு

சாயந்திரம் ஊர்க்கூட்டம், கடற்கரையில். ஆண்கள் படகுகளின் நிழலில், பெண்கள் வலைக்குவியல் பக்கம். அய்யா கடைசியில், கிளம்பத் தோதாக நின்றார். தலைவர் ஆரம்பித்தார். "பாய் தேறிருச்சுன்னு ராக்கப்பன் மகன் சொல்றான். தேறிருச்சா?"

சொன்னால் போதாது, காட்டுவேன் என்றேன். மரக்கிளையில் கயிறு கட்டி, நான்கு விரல் அகலத் துணிப் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, கீழே வாளி தொங்கவிட்டு மணல் போட்டேன். பாயிலேயே இருக்கிற நல்ல பழைய துணியின் விளிம்புப் பட்டை ஆறு வாளி மணல் தாங்கியது. அதற்குமேல் கிளைதான் வளைந்தது. சுருட்டிக் கிடந்து பட்டைக் கறை பிடித்தது, ஐந்து. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு; நல்ல மாதிரி முணுமுணுப்பு.

"அப்ப சரி" என்றார் தலைவர். "சுக்கான்..."

சேவுகன் சித்தப்பா எழுந்தார். "பாய் சரி. நாஞ்சொல்றதச் சொல்லிர்றேன், கோவிச்சுக்காதீக. பாய்சுருட்டி வீட்டுக்குச் சுக்கான் வேணாம். அன்னைக்கு நானும் அந்தப் படகுலதான் இருந்தேன். கரை இந்தா இருக்கு. கோப்பை இந்தா இருக்கு. எறக்குடாங்குறாரு. அந்த ரத்தம்தானே இதுவும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். வழக்கமாக அடிக்கப் பாய்கிறவன்.

"சித்தப்பா, இன்னும் ஒரு பட்டை இருக்கு" என்றேன். மடிப்புக் கறைத் துண்டிலிருந்து வெட்டியதை மாட்டினேன். "இது அன்னைக்கு உங்க தலைக்கு மேல, பருமல் பக்கத்துல இருந்த துணி. போட்டிக்கு முந்தியே யாரோ ஈரத்தோட மடிச்சுப் போட்டு உளுத்தது. நீங்களே மணல் போடுங்க."

ஒரு வாளி போட்டார். தாங்கியது. இரண்டாவது பாதியில் பட்டென்று அறுந்து வாளி அவர் காலடியில் விழுந்தது.

"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"வெளிப்பலகையில." படகு சாயாமல் இருக்கக் காற்றடிக்கிற பக்கமாகப் பலகையை நீட்டி அதன்மேல் மூன்று பேர் நிற்பார்கள். "கடேசி ஆளு."

"காத்து முழுசா இருக்கும்போது பாய் கிழிஞ்சிருந்தா படகு எந்தப் பக்கம் கவுந்திருக்கும்?"

அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இழுப்பு விட்ட வேகத்தில் பலகைப் பக்கமாகக் கவிழும். முதலில் போவது கடைசி ஆள். அவன்மேல் மற்றவர்கள். எல்லார்மேலும் மரம்.

அவர் அறுந்த பட்டையைக் கையில் எடுத்து நூலைப் பிரித்துப் பார்த்தார். தலைவர்தான் கேட்டார்: "பாயை எவன்ப்பா மடிச்சது?"

"அதைத் துணி சொல்லாது" என்றேன்.

உண்மை. ஒரு துணி நிபுணனாக என் பதில் அதுதான்.

"நாந்தான்" என்றான் அண்ணன்.

எழுந்து நின்றுகொண்டிருந்தான். "ஒத்திகை முடிஞ்ச அன்னைக்கு என்னையத்தான் காயவெச்சுச் சுருட்டச் சொன்னாரு அய்யா. ஈரத்தோட மடிச்சு வீட்டுக்குள்ள போட்டுட்டு ஓடிட்டேன். போட்டியன்னைக்குத்தான் எடுத்தது."

"எங்க ஓடுனே?"

"திருவிழாவுக்கு. பனங்குடாவுக்கு."

வலைக்குவியல் பக்கமிருந்து மதினி குரல்: "எங்க ஊர்த் திருவிழாவுக்கா? என்னையப் பாக்க வந்தன்னைக்கா?"

"ஆமா."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்கு அஞ்சு நாளாத்தான் தெரியும். அய்யாவுக்கு ஒம்போது வருசமாத் தெரியும். நான் அவரு மொகத்தப் பாத்துப் பேசல. அவரு ஒரு வார்த்தை சொல்லல." அதோடு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் அய்யா பக்கம் திரும்பினார்கள். அவருக்கு எரிச்சலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"பத்தொம்பது வயசுப் பய. அவசரம் இருக்கத்தான் செய்யும்" என்றார். "ஆறு பேரைக் கொல்லப் பாத்தவன்னு அந்த வயசுல ஒருத்தனுக்குப் பேரு வந்தா அவன் எப்புடிய்யா பெறகு கடலுக்குப் போவான்? எனக்குப் பேரு வந்தா என்ன, நண்டு வலையில ஏறாமயா போயிரும்? பாயைப் பத்திப் பேசுங்கப்பா."

சேவுகன் சித்தப்பா அந்தப் பட்டையை மடித்து, மடித்ததை உணர்ந்து பிரித்து, சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சுக்கான் ராக்கப்பன் அண்ணனுக்கு" என்றார்.

"வேணாம். முட்டி வலி. பூமி பிடிக்கட்டும். நான் பாய்க்கயிறு."

யாரும் மறுக்கவில்லை. கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முற்றத்தில் நின்று, "அய்யா, சாப்பிட வாங்க" என்றான். அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணில் மணல் விழுந்துவிட்டது.

மே 13, திங்கள்

பனங்குடாத் திருவிழா இனி எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க நடக்கும் போல. மதினி உப்புக் கேட்டாலும் அண்ணனிடம், "எடுத்து மடிச்சுக் குடுங்க" என்கிறாள்.

மே 16, வியாழன்

ஒத்திகை. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நன்றாக இருக்கிறது. பாய் நடுவில் தொய்ந்து வயிறு விழாமல் நிற்கிறது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் காயவைத்து, அண்ணன் தானே சுருட்டினான். யாரையும் தொடவிடவில்லை.

மே 19, ஞாயிறு

ஒன்பது படகுகள். நான் கரையில். ஆறு பேரில் எனக்கு இடமில்லை, நான் கேட்கவும் இல்லை. பனைக்கட்டை மேல் ஏறி நின்று பார்த்தேன்.

வெள்ளைப் பாய்களுக்கு நடுவே எங்கள் தவிட்டுப் பாய். தேட வேண்டியதே இல்லை. திரும்புகிற மிதவை வரைக்கும் மூன்றாவது. திருப்பத்தில் சேவுகன் சித்தப்பா வெளிப்பலகையின் நுனிக்குப் போனார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், கடைசி ஆளின் இடத்தைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அய்யா கயிற்றை விட்டு விட்டு இழுத்தார். காற்று ஏறியது. பாய் புடைக்க, தையல் ஒவ்வொன்றும் எனக்கு மனசுக்குள் தெரிந்தது. மூன்று துண்டு, இருபது முழத் தையல். நின்றது. இரண்டாவதாக வந்தார்கள். முதலாவது பனங்குடா, அரைப் படகு நீள வித்தியாசம்.

இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு கூச்சல் போட்ட கரையை நான் பார்த்ததில்லை. தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் வேட்டியில் பிளீச்சிங் பவுடர் வாசம்.

படகு மணலில் ஏறியதும் அய்யா மற்றவர்களை இறங்கவிட்டுத் தனியாகப் பாய் அருகே போனார். பருமல் பக்கத்துத் தையலை விரலால் முழுக்கத் தடவிக்கொண்டு வந்தார். நான் கீழே நின்றேன்.

"அன்னைக்கு எப்படித் தெரிஞ்சது அய்யா? கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"சத்தம். கடலை ஒடைக்கிற மாதிரி, பொடுக்கு பொடுக்குன்னு." தையலைத் தடவிக்கொண்டே, "இன்னைக்குச் சத்தமே இல்ல" என்றார். பிறகு வலை காயப்போட வேண்டும் என்று போய்விட்டார்.

ஆறு வருஷம் படித்து, வேலை பார்த்து, எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. இருட்டுவதற்குள் பாயை நல்ல தண்ணீரில் அலசுவது. இரண்டாம் பரிசுக் கோப்பையோடு படம் எடுக்கிறவர்கள் பிறகு எடுத்துக்கொள்ளட்டும்.

2. ஐஸ் கிடங்குப் பரணுக்கு மறுபடி போகக் கூடாது. காற்று போகிற மாதிரி எங்கள் வீட்டுக் கூரையடியில் இரண்டு சட்டம் அடிப்பது. தலைவரிடம் சொல்வது; கேட்பது அல்ல, சொல்வது.

3. மேனேஜருக்கு ராஜினாமா. இரண்டு வரி போதும். அந்த லாட் ஃபெயில் என்பது மூன்றாவது வரி.

4. மயில்துத்தம் இன்னும் பத்துக் கிலோ. நவ்ஷாத் பாயிடம் இந்தமுறை "படகுத்துணி" என்று சொல்வது.

5. செவ்வாய்க்கிழமை பனங்குடாவுக்குப் போவது. அவர்கள் பாயிலும் பூஞ்சணம் இருக்கிறது. ஜெயித்த கையோடு அவர்கள் தலைவரே வந்து கேட்டார். நம்மை முந்திய பாய் என்று அரைகுறையாகச் செய்யக் கூடாது. முழு வேலை.

6. அய்யாவையும் கூட்டிப்போவது. என்ன வேலையாக என்று யாராவது கேட்டால், நான் கண்ணாடியில் பார்ப்பேன், இவர் காதால் பார்ப்பார் என்று சொல்வது. இவர் யார் என்று கேட்டால், பாய்சுருட்டி ராக்கப்பன், என் அப்பா, என்று சத்தமாகச் சொல்வது.